குன்னூர் ஏற்றத்தில் பொங்கிய ரேடியேட்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போது, பர்லியார் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பொங்கி வழிந்தது. ஒரே மாதத்தில் இது இரண்டாவது தடவை. பழைய மூன்று சிலிண்டர் கார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்துடலாம்" என்றார் மெக்கானிக். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் அது. எஞ்சினைப் பிரிக்கும் முன் அளந்து பார்த்துவிட வேண்டும் என்று பட்டது.

முதல் ஞாயிறு கேஜ் வைத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தம், பார்த்தேன். எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 9.5, 9.5, 9.4 கிலோ. குறைவுதான், வயிற்றைக் கலக்கியது. ஆனால் கேஸ்கெட் போனால் ஒரு சிலிண்டரோ பக்கத்துப் பக்கத்து இரண்டோதான் பெரும்பாலும் இறங்கும். இங்கே மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அப்புறம்தான் உறைத்தது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்றே குறைவு என்றால் அழுத்தமும் குறையத்தானே செய்யும்? அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் மச்சான் வீட்டு வாசலில் அதே கேஜை வைத்தேன். 11.5. மலையில் கார் வைத்திருப்பவர்கள் இதற்காகவே ஒருமுறை கீழே இறங்கி அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு ரேடியேட்டர். பழைய மூடி ஒன்றின் வால்வை அடைத்து, நடுவில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வை இறுக்கினேன். ஆறிய எஞ்சினில் அதை மாட்டி, கேஜ் உள்ள சைக்கிள் பம்ப்பால், இந்தக் காரின் மூடி தாங்க வேண்டிய 0.9 கிலோ ஏற்றினேன். அதற்கு மேல் போனால் ஹோஸோ ரேடியேட்டரோ பிளந்துவிடலாம். இருபது நிமிடம் முள் அசையவில்லை. அழுத்தத்தை இறக்கிவிட்டு எஞ்சினை ஓட்டினேன். கேஸ்கெட் வழியே எரிந்த காற்று புகுந்தால் எஞ்சின் சூடாகும் முன்பே முள் துள்ளி ஏறும், ஏறவில்லை.

மிச்சம் இருந்தது காரின் சொந்த மூடி. ஹீட்டர் ஹோஸில் ஒரு டி இணைப்பைப் போட்டு, அந்த மூடியை மாட்டி அங்கிருந்து அழுத்தம் கொடுத்தேன். 0.3 கிலோவிலேயே ஓவர்ஃப்ளோ குழாயில் கூலண்ட் சொட்ட ஆரம்பித்தது! மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடி ரப்பர் வளையம் நகம் பதியாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. ரேடியேட்டர் கழுத்து பதிந்த பள்ளத்தில் முடி போல ஒரு வெடிப்பு.

குன்னூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 கிலோ தாங்கும் மூடி இருந்தால் 115 வரை கொதிக்காது. 0.3-இல் திறந்துகொண்டால் 102 தான். இதெல்லாம் வெறும் தண்ணீருக்கு, கூலண்ட் கலந்திருந்தால் சில டிகிரி கூடும். இரண்டாம் கியரில் ஏசியோடு ஏறும்போது எஞ்சின் சூட்டுக்கும் அந்தக் கொதிநிலைக்கும் உள்ள இடைவெளி எம்மாத்திரம்? சமவெளியில் இதே மூடி இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கும்.

0.9 என்று அச்சிட்ட புது மூடி மாட்டி, ஓவர்ஃப்ளோ டேங்கில் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டேன். நேற்று கல்லாறிலிருந்து நிற்காமல் ஏறி வந்தேன். இன்று காலை எஞ்சின் ஆறியபின் பார்த்தேன், மட்டம் கோட்டிலேயே நிற்கிறது.