மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்கு

எங்கள் ஊர் சிங்கம்புணரி. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பே எங்கள் ஊரைத் தாண்டி நத்தம் பக்கம் போகும். அம்மா வாசலில் பானை வைத்து நீர்மோர் ஊற்றுவார். யாராவது ஒற்றையாக நடந்து வந்தால், “கூட யாரும் வரவில்லையா அப்பா?” என்று கேட்காமல் விடமாட்டார்.

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து நான்காவது வருடம், இந்தப் பூசத்துக்குத்தான் பால்குடம் எடுத்தேன். இங்கே 1968-லிருந்து தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. அறையில் நாங்கள் நான்கு பேர். எனக்கும் இருவருக்கும் விடுப்பு கிடைத்தது. கரூர் நண்பனுக்குக் கிடைக்கவில்லை. இரவு பத்து மணிக்கு வேலை முடித்துக் குளித்துவிட்டு நேராகச் சிராங்கூன் சாலைக்கே வந்து நின்றான்.

ஊர்வலம் புறப்படுவது சீனிவாசப் பெருமாள் கோயிலில். சேருவது டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில், செட்டியார்கள் 1859-இல் எழுப்பியது. மால்மருகனைப் பார்க்க மாமன் வீட்டிலிருந்தே கிளம்புகிறோம் என்று நினைக்கும்போதே எனக்கு மெய்சிலிர்த்தது.

குடத்தில் பாலை ஊற்றி, வாயில் வாழையிலையை மூடி, மஞ்சள் துணி போட்டு நூலால் இறுக்கியது கரூர் நண்பன்தான். மூன்று சுற்று சுற்றினான். அப்படியும் நடக்க நடக்கப் பால் கசிந்தது. குளிர்ந்த துளி ஒன்று மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஊர்ந்து, வேட்டியில் சொட்டியது. எனக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி, தலையில் குடத்தோடு. ஒருமுறைகூட அவர் கையைத் தளர்த்தவில்லை. தோபி காட் வருவதற்குள் என் தோள் நடுங்கத் தொடங்கியது. எனக்காக அவனும் செருப்பில்லாமல் நடந்தான். குடத்தைத் தொடாமல், என் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை விரித்தபடி, “வெற்றிவேல்” என்றான். “வீரவேல்” என்று சொல்லும்போதெல்லாம் நாலு அடி நடக்க முடிந்தது.

டேங்க் ரோட்டில் குடத்தைக் கொடுத்தேன். அபிஷேகத்தின்போது கண்ணில் நீர் மறைத்ததால் முருகனின் வேல் சரியாகத் தெரியவில்லை. மணியோசை மட்டும் கேட்டது.

அன்னதானம் சாப்பிட்டு விடியும்வரை காத்திருந்தோம். ஊரில் அம்மா எழும் நேரம் பார்த்து அழைத்தேன். “பால்குடம் நல்லபடியாகச் சேர்ந்தது அம்மா” என்றேன்.

“முருகா!” என்றவர், அடுத்து கேட்டது, “கூட யார் நடந்தது?”

போனை அவனிடம் கொடுத்தேன்.