ஸ்னைப்டு ஆகும், ஆனால் போகாது

ஒரே ஒரு பாராமீட்டரால் மூன்று நாள் தூக்கம் போச்சு.

எங்களிடம் இருப்பது ஆரக்கிள் 11ஜி டேட்டாபேஸ். கணக்குப் பிரிவில் ரிப்போர்ட் டூலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள், சிலர் அப்படியே வீட்டுக்கே போய்விடுவார்கள். மாதக் கடைசியில் புராசஸ் (இணைப்புகளுக்காக சர்வரில் ஓடுபவை) எண்ணிக்கை உச்சவரம்பான 300-ஐத் தொட்டு ஓஆர்ஏ-00020 பிழை வந்தது, புதிதாக யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. சரி என்று ஐடில்_டைம் (எத்தனை நிமிடம் சும்மா இருக்கலாம் என்ற வரம்பு) 15 வைத்து ஒரு புரொஃபைல் (யூசருக்கான வரம்புத் தொகுப்பு) போட்டு எல்லா யூசருக்கும் மாட்டினேன்.

மறுநாள் பார்த்தால் நான்கு மணி நேரமாகச் சும்மா கிடக்கிற செஷன்கள் (யூசர் இணைப்புகள்) அப்படியே இருக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் கேட்டால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார், அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வந்ததுதான் மிச்சம். கடைசியில் ஷோ பாராமீட்டர் அடித்தபோது கண்ணில் பட்டது: ரிசோர்ஸ்_லிமிட் ஃபால்ஸ். அது ஃபால்ஸாக இருந்தால் புரொஃபைலில் பாஸ்வேர்டு விதிகள் மட்டும்தான் வேலை செய்யும், ஐடில்_டைம் வெறும் அலங்காரம். 12.1.0.2-இலிருந்து அது ட்ரூவாகவே வருகிறது, பழைய வெர்ஷன்காரர்கள் முதலில் இதைப் பாருங்கள். அதை ட்ரூ ஆக்க ஆல்டர் சிஸ்டம் கட்டளை ஒரு வரி போதும், ரீஸ்டார்ட்டே வேண்டாம்!

அப்புறமும் புராசஸ் எண்ணிக்கை குறையவில்லை. செஷன்களைப் பட்டியலிடும் வி$செஷனில் ஸ்டேட்டஸ் ஸ்னைப்டு (ஐடில் வரம்பைத் தாண்டியது) என்று காட்டுகிறது, ஆனால் அந்த ஆள் அடுத்த முறை எதையாவது அழுத்தி ஓஆர்ஏ-02396 பிழை (ஐடில் நேரம் தாண்டிவிட்டது, மறுபடி கனெக்ட் செய்) வாங்கும்வரை சர்வர் புராசஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக்குப் போனவர் எங்கே அழுத்துவது? எஸ்க்யூஎல்நெட்.எக்ஸ்பயர்_டைம் வைத்தேன், அது கிளையன்ட் செத்துப்போன இணைப்பைத்தான் துடைக்கும், திறந்தபடி கிடக்கும் டூலை ஒன்றும் செய்யாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்னைப்டு செஷன்களைத் தேடி இமீடியட்டாக கில் செய்கிற ஸ்கிரிப்ட் எழுதிய பிறகுதான் மூச்சு வந்தது.

எல்லா யூசருக்கும் மாட்டினேன் என்றேனே, அது முட்டாள்தனம். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த கனெக்ஷன் பூலும் (அப்ளிகேஷன் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகள்) அதில் மாட்டி, காலையில் முதல் கிளிக்குக்கே அப்ளிகேஷன் 02396 கக்கியது. அப்ளிகேஷன் யூசருக்குத் தனி புரொஃபைல், ஐடில்_டைம் அன்லிமிடெட். மாற்றியது புதிதாகத் திறக்கும் செஷனுக்குத்தான் பிடிக்கும், அதனால் பூலையும் ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

இந்த மாதக் கடைசியில் புராசஸ் 140-ஐத் தாண்டவில்லை. ஆனால் கணக்குப் பிரிவு அக்கா, "சாப்பிட்டு வர்றதுக்குள்ள வெளியே தள்ளிடுதே தம்பி" என்று தினமும் புலம்பியதில் 15-ஐ 45 ஆக்கிவிட்டேன்.