பொதுவில் இருக்கும் மூலநிரலும் தனியே இருக்க வேண்டிய பில்டும்

ஒரு குழுவில் பலர் பயன்படுத்தும் மூலநிரல், என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக எல்லாக் கணினிகளிலும் ஒரே அடைவாகத் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும்போது, அந்த அடைவுக்குள் யாரும் பில்டு செய்யக் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றக்) கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூலநிரல் எல்லோருக்கும் பொது. கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளும், கணினிக்கேற்ப பில்டைத் தயார்செய்யும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் உருவாக்கும் கோப்புகளும் பில்டு செய்பவருக்கு மட்டுமே உரியவை.

இதற்கான காரணம், பில்டை நடத்தும் மேக் என்னும் கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பின் நேரமுத்திரை மூலக்கோப்பினுடையதைவிடப் புதிதாக இருந்தால் மேக் அதைத் தொடாமல் விட்டுவிடும். அதை யார், எந்தக் கணினிக்காக, என்னென்ன கம்பைலர் ஃபிளாக்குகளோடு உருவாக்கினார் என்று அது பார்ப்பதில்லை. ஒருவர் ஏஆர்எம் போர்டுக்காகவும் இன்னொருவர் தம் மேசைக் கணினிக்காகவும் ஒரே இடத்தில் பில்டு செய்தால், ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கும் லிங்க்கர் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லதே. இருவரும் ஒரே வகைக் கணினிக்காக, ஆனால் வெவ்வேறு மேக்ரோக்களோடு பில்டு செய்வதுதான் ஆபத்து. டீபக் மேக்ரோ இருந்தால் ஒரு ஸ்ட்ரக்டில் (பல உறுப்புகள் கொண்ட தரவு அமைப்பில்) கூடுதலாக ஓர் உறுப்பு சேரும் என்று வைத்துக்கொள்வோம். அதே ஸ்ட்ரக்டை ஒரு சி ஆப்ஜெக்ட் கோப்பு 48 பைட்டாகவும் மற்றொன்று 56 பைட்டாகவும் கருதினாலும், லிங்க்கர் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் இணைத்துவிடும். பிறகு நிரல் ஓடும்போது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஓரிடத்தில் அது உடையும்.

தனி அடைவில் பில்டு செய்யும் வழக்கம் புதிதன்று. எக்ஸ் விண்டோ உலகில் புழங்கிய எல்என்டிர் என்னும் சிறு கருவி, மூலநிரல் மரத்தைப் போலவே இன்னொரு மரத்தைச் சிம்பாலிக் லிங்க்குகளால் (மூலக்கோப்புகளைச் சுட்டும் இணைப்புகளால்) அமைத்துத் தந்தது. ஜிசிசி கம்பைலரின் நிறுவல் குறிப்புகள், பில்டு அடைவு மூலநிரலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதோடு, மூலநிரலுக்குள் துணை அடைவு ஒன்றை உருவாக்கி அங்கே பில்டு செய்வதை ஆதரிப்பதில்லை என்றும் சொல்கின்றன. லினக்ஸ் கெர்னலில் மேக் கட்டளையோடு ஓ என்ற மாறியில் வெளி அடைவைக் கொடுத்தால் போதும். ஆனால் மூலநிரலுக்குள் முன்பே யாராவது பில்டு செய்திருந்தால், முதலில் சுத்தம் செய்யச் சொல்லி அது நின்றுவிடும்.

மேக்குக்கான விதிக்கோப்புகளை உருவாக்க உதவும் ஆட்டோமேக்கும் இப்படி ஒரு சோதனை செய்கிறது என்றாலும், அது தேடுவது மூலநிரல் அடைவில் கன்ஃபிகர் விட்டுச்செல்லும் கன்ஃபிக்.ஸ்டேட்டஸ் கோப்பு இருக்கிறதா என்பதை மட்டுமே. யாரோ அரைகுறையாகச் சுத்தம் செய்து அந்தக் கோப்பை அழித்துவிட்டு, அமைப்புத் தேர்வுகள் அடங்கிய பழைய கன்ஃபிக்.எச் கோப்பை அங்கேயே விட்டிருந்தால் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. மேற்கோள் குறிக்குள் எழுதிய இன்க்ளூடை, அந்த சி கோப்பு இருக்கும் அடைவில்தான் கம்பைலர் முதலில் தேடும் என்பதால், உங்கள் பில்டு அடைவில் புதிதாக உருவான கன்ஃபிக்.எச் இருந்தும் பழையதே எடுத்துக்கொள்ளப்படும். கோண அடைப்புக்குள் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃபின் கையேடு அப்படி எழுதச் சொல்வது இதனால்தான்.

சிமேக் என்னும் மற்றொரு பில்டு கருவியில் இதற்கு இணையான பிரச்சினை, முந்தைய ஓட்டத்தின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் கேஷ் கோப்பு. மூலநிரல் அடைவில் அது இருந்துவிட்டால், வெளியே ஓர் அடைவில் நின்றபடி மூலநிரலின் பாதையை மட்டும் கொடுத்து சிமேக்கை ஓட்டும்போது, அந்த மூலநிரல் அடைவையே பில்டு அடைவாக அது எடுத்துக்கொள்ளும். மூலநிரலுக்குள்ளேயே பில்டு செய்ய அறவே மறுத்துவிடும் மீசான் என்னும் பில்டு கருவியின் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெளியே பில்டு செய்வதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூலநிரல் சர்வரிலும் ஆப்ஜெக்ட் கோப்புகள் உள்ளூர் வட்டிலும் இருக்கும்போது, நேரமுத்திரைகள் இரண்டு வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து வருகின்றன. சர்வரின் கடிகாரம் முந்தியிருந்தால், கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக மேக் எச்சரிக்கும். நம் கணினியின் கடிகாரம் முந்தியிருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது; பில்டு முடிந்த கையோடு திருத்திய கோப்பும் பழையதாகவே தோன்றி, மறுபடி கம்பைல் ஆகாமல் போகலாம். எனவே எல்லாக் கணினிகளும் என்டிபி (வலையமைப்பு வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) வழியாக நேரத்தைச் சரிசெய்துகொள்வது இந்த ஏற்பாட்டுக்கு இன்றியமையாதது.

ஒரு திட்டம் உண்மையிலேயே வெளி அடைவில் பில்டு ஆகிறதா என்பதை அறிய, மூலநிரலை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. ஆட்டோமேக்கின் டிஸ்ட்செக் இலக்கும், வெளியீட்டுத் தொகுப்பான டார்பாலைப் பிரித்து, அதன் எழுதும் அனுமதியை நீக்கிவிட்டு, வேறோர் அடைவிலிருந்துதான் பில்டு செய்கிறது. பைசன் என்னும் கருவி உருவாக்கும் பார்சரை (இலக்கணத்தைப் பகுக்கும் நிரலை) மூலக்கோப்புக்குப் பக்கத்திலேயே எழுதும் விதிகளும், பதிப்பு எண்ணை ஒரு ஹெடர் கோப்பில் எழுதிவைக்கும் ஸ்கிரிப்டுகளும் அப்போது உடனே அகப்பட்டுவிடும்.

அத்தகைய ஸ்கிரிப்டுகள் பதிப்பு எண்ணை, பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டிடம் கேட்பவையாக இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு முதல், வேறொரு பயனருக்குச் சொந்தமான ரெப்பாசிட்டரியில் (கிட் பராமரிக்கும் அடைவில்) வேலை செய்ய கிட் மறுக்கிறது. பொது அடைவு பெரும்பாலும் நிர்வாகியின் பெயரில்தான் இருக்கும். ஒவ்வொருவரும் தம் கிட் அமைப்பில் சேஃப்.டைரக்டரி என்ற இடத்தில் அந்த அடைவின் முழுப் பாதையைச் சேர்த்துக்கொண்டால் போதும். எல்லா அடைவுகளையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறியை அங்கே இட வேண்டாம். பலர் எழுதக்கூடிய இடங்கள் நிறைந்த கணினியில், அந்தப் பாதுகாப்பு எதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அதையே அது நீக்கிவிடுகிறது.