லயத்தில் ஒரு போன், நாலு ஓட்டு

2025 ஜூன் 28 அன்று பீகார் நகராட்சித் தேர்தலில் ஆண்ட்ராய்டு செயலி வழியாகவும் ஓட்டுப் போட வழி செய்தார்கள். திருப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவு போட்டு, கேரளத்தில் இருக்கும் மூணாறுக்கும் வண்டிப்பெரியாறுக்கும் மலையேற வேண்டாமே, இங்கேயும் அது வரட்டும் என்று நம் ஆட்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை.

பூத்தில் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் ஒருவர்தான் நிற்க முடியும். கட்டின புருஷனானாலும் எட்டிப் பார்க்க முடியாது. அந்த மறைப்பை எந்தச் செயலியும் வீட்டுக்குள் கொண்டுவராது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பது ஒரு முன்னறை, ஒரு அடுப்படி. ஓட்டு நாலு, ஓடுகிற போன் ஒன்று. பீகாரில் ஒரு நம்பரில் 2 பேருக்குத்தான் அனுமதி என்று வரம்பு வைத்தார்கள். அந்த 2 ஓட்டும் போனை வைத்திருப்பவர் சொல்கிறபடிதான் விழும். செயலியின் முகச்சோதனை, முகம் யாருடையது என்று பார்க்கும், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்காது.

எஸ்தோனியாவில் 2005 முதல் இணைய ஓட்டு உண்டு. யாராவது மிரட்டினால் பிறகு மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டுதான் கணக்கு. ஆனால் அங்கே ஒவ்வொருவரிடமும் சொந்த ரகசிய எண்ணோடு (PIN) மின் அடையாள அட்டை இருக்கிறது. இங்கே ஓடிபி வருகிற போன் அடுத்தவர் பையில் இருந்தால், கடைசி ஓட்டும் அவருடையதே.

அடுத்தது போனுக்குள் இருக்கும் ஆபத்து. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸாப்பில் வரும் ஏபிகே கோப்பை (அது ஒரு செயலி) நிறுவினால் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி வேறு கைக்குப் போகும். அக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ போனில் இருக்கும் வசதி) அனுமதியும் கொடுத்துவிட்டால் திரையைப் படிக்கும், உங்கள் விரலுக்குப் பதில் தானே அமுக்கும், மேலே பொய்த்திரை விரிக்கும். நீங்கள் பார்த்தது ஒரு சின்னம், சர்வருக்குப் போனது இன்னொன்று. வங்கிப் பணம் போனால் பாஸ்புக் காட்டும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம். ஓட்டு ரகசியமானது, அதற்குப் பாஸ்புக் கிடையாது. பூத்தில் ஓட்டு எந்திரத்தோடு இருக்கும் விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிகிறதே, அந்தச் சாட்சிகூட இதில் இல்லை. பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் பிளாக்செயின் இருக்கிறதே என்பார்கள். வந்து சேர்ந்த ஓட்டை யாரும் திருத்தாமல்தான் அது காக்கும். போனிலேயே மாறிப்போன ஓட்டையும் அப்படியே காக்கும்.

2018-இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா, வெளிநாட்டிலிருந்த ராணுவத்தினருக்கு வோட்ஸ் என்ற செயலியைக் கொடுத்தது. 2020-இல் அந்நாட்டின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஓட்டு மறைகுறியாக்கப்பட்டு, அதாவது பூட்டப்பட்டுத்தான் போனது. ஆனால் எந்த வேட்பாளர் என்பதைப் பொறுத்து அந்தத் தரவுப் பொட்டலத்தின் நீளம் மாறியது. பூட்டை உடைக்கவே வேண்டாம், வைஃபையில் அளவைப் பார்த்தாலே யாருக்கு ஓட்டு என்று ஊகித்துவிடலாம். எல்லா ஓட்டையும் ஒரே நீளத்துக்கு நிரப்பி அனுப்புவது சின்ன வேலை. அதைக்கூட விட்டிருந்தார்கள்.

உங்கள் போனை இப்போதே பாருங்கள். செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதி ஒரு வருஷத்துக்கும் பழையதா? அக்சஸிபிலிட்டி பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் முதலில் அனுமதியை எடுங்கள், பிறகு செயலியை நீக்குங்கள். வரிசை மாறினால் சில செயலிகள் நீக்கவே விடாது. சிம் கார்டுக்கு ரகசிய எண் (PIN) பூட்டு போடுங்கள்.

படியிறங்க முடியாத பெரியவர்களுக்குச் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் 12டி படிவம் கொடுத்தால், அலுவலர்கள் வீட்டுக்கே தாள் வாக்குச்சீட்டு கொண்டுவருவார்கள். படிவத்தை பிஎல்ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கேளுங்கள்.