சொம்புத் தண்ணீரோடு ஆரோக்கிய மாதா முன்னால்

நேர்ச்சை அம்மாவுடையது. 74 வயதில், தேய்ந்துபோன மூட்டோடு, பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகர் மரியன்னை பேராலயம் வரை நடந்தே வருவதாக மாதாவிடம் சொல்லியிருந்தார். கையில் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர். அவ்வளவுதான் காணிக்கை.

2024 மார்ச்சில் எங்கள் வீட்டு போர்வெல் நின்றுபோனது. மோட்டாரைப் போட்டால் முதலில் சேறு வந்தது, அப்புறம் காற்று வந்தது, அப்புறம் எதுவும் வரவில்லை. அந்தக் கோடையை பெங்களூரில் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். 6,000 லிட்டர் டேங்கருக்காக ராத்திரி முழுக்க வாசலில் விழித்திருந்தோம். கேட்ட விலையைக் கொடுத்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. எங்களுக்குப் பாத்திரம் கழுவவே வழியில்லை.

இன்னொரு போர் போடலாம், ஆயிரம் அடி தாண்டினால் கிடைக்கும் என்றான் தம்பி. ஆளையும் பேசிவிட்டான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம். தாத்தா சுரங்கத் தொழிலாளி. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-இல் அதை மூடியபோது தங்கம் போன இடம் தெரியவில்லை. ஊருக்கு மிஞ்சியது தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேடுகள்தான். காற்றடித்தால் அந்த மேட்டு மண் வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் படியும் என்று அம்மா சொல்வார். துணி காயப்போட முடியாதாம். "ஆழமாப் போயிப் போயி எங்கப்பா என்னத்தடா கண்டாரு? ஆண்டவர் மேல கொடுக்கிறதை வாங்கி வைக்கத் தெரியல, கீழ தோண்டிக்கிட்டே இருக்கீங்க" என்றார். வீட்டுக்குப் பின்னால் பழைய கல் கிணறு ஒன்று முப்பது வருடமாகப் பலகைக் கல் போட்டு மூடிக் கிடந்தது. அதைத் திறக்கச் சொன்னார்.

கிணறு வெட்டுவதையே பரம்பரைத் தொழிலாகச் செய்யும் மண்ணு வட்டர் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஐந்து நாள் வேலை. உடைந்த டியூப்லைட், சிமெண்ட் மூட்டை, டயர், கட்டுக்கட்டாய்ப் பிளாஸ்டிக் பை என்று அவர்கள் அள்ளி மேலே போட்டதெல்லாம் நாங்களே போட்ட குப்பை. பார்க்கப் பார்க்க எனக்குக் கூசியது. மொட்டை மாடித் தண்ணீர் கிணற்றில் விழும்படி குழாய் இறக்கி, நடுவில் ஜல்லியும் மணலும் நிரப்பிய நீல ட்ரம் ஒன்றை வைத்தார்கள். ஏப்ரல் வெயில். வானத்தில் ஒரு துளி இல்லை. காய்ந்த கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த அம்மா, கழுத்திலிருந்த ஆரோக்கிய மாதா பதக்கத்தைக் கழற்றி உள்ளே போட்டார். "இது ஊறட்டும் தாயே. முதல் தண்ணியோட நடந்தே வர்றேன்."

ஜூன் 2 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா. அன்று பெங்களூரில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நூற்று முப்பது வருடத்தில் ஜூன் மாதத்து ஒரு நாளில் அத்தனை மழை பெய்ததில்லையாம். எங்கள் மாடி ஆயிரம் சதுர அடி. கணக்குப் போட்டால் அந்த ஒரே நாளில் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் கிணற்றுக்குள் போயிருக்கிறது. இத்தனை காலமும் அது சாக்கடையில்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றிரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி அம்மா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதா பிறந்தநாளான செப்டம்பர் 8 அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்தே காவிச் சேலை கட்டி விரதமிருந்த அம்மா, விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டார். மூடியில்லாத பித்தளைச் சொம்பு, வாயில் வாழை இலை கட்டியது. என்னைத் தூக்க விடவில்லை. காக்ஸ் டவுன் வரை நன்றாகத்தான் நடந்தார். கோல்ஸ் பார்க் பக்கம் மூட்டு பிடித்துக்கொண்டது. ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். "நீ பிடிச்சுப் போ கண்ணு" என்றார். பிள்ளையார் பந்தலில் உட்கார்ந்திருந்த பையன்கள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நடந்தார். அந்தப் பையன்கள் நன்றாக இருக்கட்டும்.

ரசல் மார்க்கெட் தாண்டியதும் கூட்டம் எங்களை விழுங்கிவிட்டது. மெழுகுவர்த்திக்காரர்கள் கையில் திணிக்கிறார்கள், வேண்டாம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். "இருநூறு கொடுங்க அக்கா, வரிசை இல்லாம உள்ள விட்டுடறேன்" என்று ஒருவன் சேலை முந்தானையைப் பிடிக்காத குறையாகப் பின்னாலேயே வந்தான். மாதா வீட்டு வாசலில் இதைச் செய்ய எப்படி மனசு வருகிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாங்கள் வரிசையில்தான் நின்றோம். மூன்று மணி நேரம். யாரோ இடித்ததில் சொம்பில் கால்வாசி சிந்திப்போனது. அம்மா இலையை இறுக்கிக் கட்டி, சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் 1818-இல் பிரெஞ்சு மறைபரப்பாளரான துபுவா சாமியார் கட்டியது ஒரு கூரைக் கோயில். காணிக்கை மாதா கோயில் என்று பெயர். செஞ்சிப் பக்கமிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடியானவர்கள் இங்கே நெல் விளைவித்தார்கள், வெள்ளை அரிசிக்குக் கன்னடத்தில் பிளி அக்கி, அதிலிருந்துதான் பிளாக்பள்ளி என்ற பழைய பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். கடையும் கான்கிரீட்டுமாய் இருக்கிற இந்தத் தெருவில் வயல்! தண்ணீர் நின்ற ஊர்தான் இது. மாதா அதையும் பார்த்தவள், இதையும் பார்க்கிறவள். வரிசையில் நின்றபோது எனக்கு அந்த நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த நிமிடம். நிமிடம்கூட இல்லை, சில நொடிகள். பட்டுச் சேலையில், மல்லிகை மாலைக்குள், குழந்தையை ஏந்திக்கொண்டு அவள் நிற்கிறாள். ஒன்பது நாளாக என்னென்ன சொல்ல வேண்டும் என்று அம்மா மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். என் மகன் படிப்பு, தம்பியின் வேலை, கண் ஆபரேஷன், எல்லாம். ஒன்றும் வாயில் வரவில்லை. இலையைப் பிரித்து, பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதுபோல் சொம்பை இரண்டு கையாலும் உயர்த்தி, "தண்ணி வந்துருச்சும்மா" என்றார். அவ்வளவுதான். பின்னாலிருந்து நகருங்க நகருங்க என்றார்கள். அருகில் நின்ற தொண்டர் சொம்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எங்களைத் தள்ளவில்லை. அம்மா கை நடுங்குகிறது, தண்ணீரில் விளக்கு வெளிச்சம் ஆடுகிறது. நான் அழுதேன். என் விண்ணப்பங்களும் எனக்கு மறந்துபோயின.

வெளியே ஒரு சாமியார் தண்ணீரை மந்திரித்துக் கொடுத்தார். அன்றைய மறையுரை ஒன்றில், செப்டம்பர் 1 முதல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை, இயற்கைக்காகச் செபிக்கும் படைப்பின் காலம் என்று சொன்னார்கள். மாதாவின் பிறந்தநாள் அதற்குள்தான் வருகிறது. பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுமடல் எழுதியதையும், அசிசியார் தண்ணீரைச் சகோதரி என்று அழைத்துப் பாடியதையும் சொன்னபோது, அம்மா என் கையைக் கிள்ளி, "தங்கச்சிங்கிறாரு பாரு" என்றார்.

ஒன்றை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்தால் தெருவெங்கும் பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டு, பாதி சாப்பிட்டுப் போட்ட பிரியாணி. எல்லாம் நேர்ச்சை அன்னதானம், எல்லாம் நம் ஆட்கள் போட்டது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர் அதோடு நிறுத்தவில்லையே. எதுவும் வீணாகக் கூடாது, மிஞ்சியதைச் சேர்த்து வையுங்கள் என்று சீடர்களிடம் சொன்னார், பன்னிரண்டு கூடை நிறைந்தது. அந்தப் பகுதியை வருடா வருடம் கோயிலில் வாசிக்கிறோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் குனிந்து டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மூட்டு வலியோடு அவர் குனிவதைப் பார்த்துவிட்டு நான் எப்படி நிற்பது? நானும் பொறுக்கினேன். கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பூக்காரம்மா காலிச் சாக்கு கொடுத்தார். மூன்று சாக்கு நிறைந்தது. தெரு சுத்தமாகிவிடவில்லை. அடுத்த வருடம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் எவர்சில்வர் டம்ளரும் ஒரு வாளியும் வைத்தால் போதும். கழுவித்தர நாங்கள் வருகிறோம்.

தேர்பவனிவரை நிற்க அம்மாவால் முடியவில்லை. திரும்பும்போது ஆட்டோ. நேர்ச்சை போகிற வழிக்குத்தான் என்றார். தாயே, என் அம்மாவை விழாமல் நடத்திக் கொண்டுபோனாயே, உனக்கு நன்றி. மழைக்கு நன்றி. மண்ணுக்குள் இறங்கி எங்கள் குப்பையை அள்ளிய அந்த மூன்று பேருக்கு நன்றி. நாற்காலி போட்ட பையன்களுக்கு நன்றி. தள்ளாமல் நின்ற அந்தத் தொண்டருக்கும் நன்றி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் பின்கட்டுக்குப் போனார். மாடியில் குடியிருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வாய் மந்திரித்த தண்ணீர் கொடுத்தார், மிச்சத்தைக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினார். எட்டிப் பார்த்தோம். தண்ணீருக்கு மேலே ஆறு வரிசைக் கல் தெரிந்தது. போன வாரம் எட்டு.