பாட்டியின் பெயருக்கு ஒரு கட்டம்

மலேசியாவின் பினாங்கில், தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் பூர்வீகத்தைத் தேடி இயங்கிவரும் எங்கள் சிறிய குடிவழி ஆய்வுக் கழகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆவணப் பொறுப்பாளராக இருக்கிறேன். கழகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி செயற்குழு கேட்டபோது ஆண்டறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, உறுப்பினர்கள் நிரப்பித் தரும் குடும்பப் படிவங்களை எடுத்து அடுக்கினேன். அந்தப் படிவம் மாறிய விதமே எங்கள் வரலாறு என்று எனக்குப் பட்டது.

முதல் படிவத்தில் நான்கே கட்டங்கள்: பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், பூர்வீக ஊர். நான்காவது கட்டம் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்பி வரும்; இல்லாவிட்டால் 'திருச்சி', 'சேலம்', 'வடஆர்க்காடு' என்று ஒரு ஜில்லாவையே எழுதியிருப்பார்கள். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், ஒரு தலைமுறையை அடுத்ததோடு கட்டி வைத்திருப்பது தந்தையின் பெயர் ஒன்றுதான். அதையும் தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தின்போது அடையாளக் கார்டு வந்ததும் அது இன்னொரு முறை மாறியது. ஒரே முனியாண்டியின் மூன்று மகன்கள் மூன்று எழுத்துக்கூட்டல்களோடு இருப்பதை எங்கள் கோப்புகளில் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே இரண்டாவது படிவத்தில் தோட்டத்தின் பெயரையும், ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணியின் பெயரையும் சேர்த்தோம். பினாங்கு மாநிலத்தின் பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சியில், அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்தவர்கள் பல ஊர்க்காரர்கள். சஞ்சி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழியாக ஆள் எடுப்பதோ 1938-இல் இந்திய அரசு தடைபோடும் வரை நீடித்தது. கங்காணி தம் சொந்த ஊருக்குத்தான் போவார். உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருவார். எனவே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்தால், மற்றவர்களின் ஊரையும் அதைச் சுற்றியே தேடலாம் என்பது எங்கள் கணக்கு.

அந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்பியதால் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். தோட்டத் தொழிலாளர் பதிவேடான பழைய செக்ரோலில் இருந்த இரண்டு மாரிமுத்துகளை ஒருவராகவே கருதி, ஒரு குடும்பத்துக்கு முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தைச் சுட்டிக் காட்டினேன். அவர்கள் செலவு செய்து போய், கோயிலில் கும்பிட்டு, படங்களோடு திரும்பினார்கள். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது கிடா வெட்டுற சாமிங்க ஐயா. எங்க சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல்தான்" என்றார். அன்று எனக்கு நா எழவில்லை.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அந்தப் பாட்டி, தம் மாமியார் இழவு வீடுகளில் வைத்த ஒப்பாரியை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார். மாமியார் பிறந்த ஊர், அதன் ஏரி, தாய்மாமன் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அந்த ஊர் துறையூர்ப் பக்கம் இருந்தது. நாங்கள் ஏட்டில் தேடியதெல்லாம் அடுப்பங்கரையில் அழியாமல் கிடந்திருக்கிறது. எங்கள் படிவம் மட்டும் ஒரு பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

மூன்றாவது படிவம் அதன் பிறகு வந்தது. தாய், பாட்டி, பாட்டியின் தாய் ஆகியோரின் பெயர்கள், அவர்கள் பிறந்த ஊர், குலதெய்வம், அதற்குப் படைப்பது எது என்று கேட்டோம். சாதிக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். கப்பலேறி வந்தவர்களில் சிலராவது விட்டுவிட நினைத்த ஒன்றை அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் நாம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். இன்றும் அதே எண்ணம்தான்.

கடைசியாகச் சேர்ந்த கட்டம், 'சயாம் போனவர்'. 1942, 1943-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன தோட்ட மக்களில் திரும்பாதவர்கள் பலருக்கு வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. திதி கொடுக்க நாளும் தெரியாது. அவர்களைப் பற்றியும் வீட்டுப் பெண்களே சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நாங்கள் தேதி கேட்பதில்லை. எந்தத் திருவிழாவுக்குப் பிறகு போனார், அப்போது வீட்டில் எந்தக் குழந்தை கைக்குழந்தை என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறோம்.