தாளிப்பதற்கு முன்பே நாயின் பங்கை எடுத்து வையுங்கள்

தீபாவளி காலையில் இட்லியும் கறிக்குழம்பும் வைக்கிற வீடு என்றால், மதியத்துக்குள் நாயின் தட்டில் எலும்பு குவிந்துவிடும். சித்தப்பா சாப்பிட்ட இலையிலிருந்து கொஞ்சம், பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் கொண்டுவருவது கொஞ்சம், குழந்தைகள் யாருக்கும் தெரியாமல் மேசைக்கடியில் நீட்டுவது கொஞ்சம். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் வெந்த எலும்பு நாய்க்கு ஆகாது. கடித்தால் சிம்பு சிம்பாகப் பிளக்கும், கோழி எலும்பு இன்னும் மோசம், அந்தச் சிம்பு தொண்டையில் குத்தும், சமயத்தில் குடலையே கிழித்துவிடும்.

சரி, எலும்பை எடுத்துவிட்டு வெறும் குழம்புச் சோறு போடலாமே என்பார்கள். அதுவும் வேண்டாம். குழம்பில் வதங்கிக் கரைந்துபோன சின்ன வெங்காயமும் பூண்டும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. தின்ற அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகப் போய், நாய் எழுந்திருக்காமல் கிடக்கும்போது பண்டிகைக் குழம்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு இவற்றை எல்லாம்விடப் பயம் உலர்திராட்சைதான். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம் என்று எதை எடுத்தாலும் நெய்யில் பொரித்து உப்பிய திராட்சை நாலு கிடக்கும். சில நாய்களுக்குக் கொஞ்சம் போதும், சிறுநீரகம் செயலிழந்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ஏன் இப்படி என்பது ரொம்ப காலம் புரியாமல் இருந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் நிறைய இருப்பது நம்முடைய புளியில்! புளி தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது மறு வருடமே பதிவாகியிருக்கிறது. ஆகவே காணும் பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரையில் ஒரு பிடியும் வேண்டாம்.

"நாட்டு நாய்க்கு எல்லாம் செரிக்கும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். சிப்பிப்பாறைக்கும் லாப்ரடாருக்கும் சிறுநீரகம் ஒன்றுதான்.

அப்புறம் எதைத்தான் போடுவது? கவனித்துப் பாருங்கள், நம் சமையலில் நாய்க்கு ஆகாதது பெரும்பாலும் தாளிப்பு, அரைப்பு, கரைப்பு என்று பின்னால்தான் சேர்கிறது. அதனால் கறி கழுவியதுமே கொழுப்பும் எலும்பும் இல்லாத நாலு துண்டை எடுத்து, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் தனியாக வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைக்கிறோம். பொங்கலன்று அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்ததும், வெல்லப்பாகு ஊற்றும் முன் ஒரு கரண்டி தனியே எடுத்துவிடுவோம். கூட்டுக்கு நறுக்கிய பரங்கிக்காயில் இரண்டு துண்டை வேகவைத்துக் கொடுத்தால் அவ்வளவு ஆசையாகத் தின்னும். வேலை என்று பார்த்தால் ஐந்து நிமிடம்கூட இல்லை.

மைசூர்பாகு, அதிரசம், முறுக்கு எதுவும் கூடாது. ஒரேயடியாக எண்ணெயும் நெய்யும் உள்ளே போனால் கணையம் வீங்கிவிடும். வாந்தியும் எடுத்து, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கியபடி முதுகை வளைத்து நின்றால் அது வயிற்று வலி, காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். சாக்லேட் பெட்டியை உயரத்தில் வையுங்கள், அடர்நிறச் சாக்லேட் ரொம்பவே ஆபத்து.

எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே உயிருக்கு ஆபத்தாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இவ்வளவையும் மருத்துவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் முக்கியம். பண்டிகையன்று பல கிளினிக்குகள் பூட்டியிருக்கும், அதனால் எது திறந்திருக்கும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெருநாய்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பையும் மிச்சக் குழம்பையும் பாலித்தீன் பையில் முடிந்து தெருமுனையில் போட்டால், வாடைக்கு அவை பையோடு விழுங்கிவிடும். கொடுக்க மனமிருந்தால் வெறும் சோற்றில் கொஞ்சம் தயிரோ வெந்த முட்டையோ பிசைந்து, வெடிச் சத்தம் அதிகமாகும் முன் சாயங்காலமே வையுங்கள், பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீரும்.